கொங்குப் பிராட்டி அகத்தில் நடந்த பரீக்ஷை

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஸ்வாமி எம்பெருமானார் சோழ ராஜ்யத்தை விட்டு மேல்நாட்டுக்கு எழுந்தருளிய வரலாற்றில், கொங்குப் பிராட்டியின் அகத்தில் நடந்த பரீக்ஷை உபந்யாஸ மேடைகளில் பெரும்பாலும் ஆஹார நியமத்துக்கு உதாரணமாகவே சொல்லப்படுகிறது. வழிநடையால் இளைத்து, பசியால் வாடி வந்த நிலையிலும் ஸ்வாமி அந்த அம்மையாரின் தளிகையை உடனே ஏற்கவில்லை. ஒருவரை விட்டு அவள் செய்வதையெல்லாம் கவனிக்கச் சொன்னார். ஆகையால் ஆபத்துக் காலத்திலும் பரான்னத்தில் எச்சரிக்கை வேண்டும் என்று முடிப்பார்கள். அடியேனும் ஏறக்குறைய 40 ஆண்டுகள் அப்படியே சொல்லி வந்தேன். அது சரியன்று என்பது இப்போது அடியேனுடைய எண்ணம். அதற்கான காரணங்களை அறிந்த பெரியோர் முன்பு விண்ணப்பம் செய்வதே இக்கட்டுரை.

எண்ணம் மாறியது புதிய ஏடு எதுவும் கிடைத்ததனால் அன்று, கால் முறிந்ததனால். சென்ற மார்கழியில் திருமயிலையில் சில நாள் உபந்யாஸத்துக்காக வந்து தங்கியிருந்தேன். பேயாழ்வார் அவதரித்த ஸ்தலம். ஆதிகேசவப் பெருமாள் ஸந்நிதியில் விடியற்காலையில் ஸேவித்துவிட்டுத் திரும்பும்போது, சித்திரக்குளத்தருகே மழைநீர் தேங்கிய கல்லில் வழுக்கி விழுந்தேன். குற்றம் முழுவதும் அடியேனுடையது. இருட்டில் அவசரமாக நடந்தேன். வலது கணுக்கால் எலும்பில் விரிசல். முந்தின நாள் உபந்யாஸத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு க்ருஹஸ்தர் அடையாளம் கண்டு, தூக்கி, ஆட்டோவில் ஏற்றித் தியாகராய நகரில் ஒரு வைத்தியரிடம் கொண்டுபோனார். 6 வாரம் மாவுக்கட்டு, காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றாகிவிட்டது. அவர் அடியேனை ஊருக்கு அனுப்பச் சம்மதிக்கவில்லை. தம்முடைய அகத்துக்கே அழைத்துச் சென்று, கூடத்தை ஒட்டிய அறையைக் காலி செய்து கொடுத்தார். அன்றுவரை அவர் திருநாமம்கூட அடியேனுக்குத் தெரியாது.

இங்கே ஒரு ஸங்கடம். ப்ரயாணத்தில் ஸ்வயம்பாகம் என்பது திருத்தகப்பனார் காலத்திலிருந்து எங்களுக்கு வந்த நியமம். போகிற இடத்தில் ஒரு சிறு அடுப்பு, ஒரு பாத்திரம், கையில் கொண்டு வந்த அமுதுபடி, இவ்வளவே. நிற்கவே முடியாதவன் எப்படித் தளிகை செய்வது? முதல் எட்டு நாள் பாலும் பழமும் அவலுமாகவே கழித்தேன். அகத்து அம்மையார் அடையாற்றில் உத்யோகம் பார்ப்பவர். காலை ஒன்பது மணிக்குள் தளிகை முடித்து, பெருமாளுக்கு அமுது காட்டி, மாமியாருக்குப் பரிமாறிவிட்டு ஓடுவார். ஒரு நாளும் வற்புறுத்தியதில்லை. பால் டம்ளரை வைக்கும்போது மட்டும் அவர் முகம் கொஞ்சம் வாடியிருக்கும்.

படுக்கையில் கிடப்பவனுக்குப் புத்தகமே துணை. அந்த அகத்துப் பாட்டனார் சேர்த்த க்ரந்தங்கள் ஒரு பீரோ நிறைய இருந்தன. அவற்றில் பின்பழகிய பெருமாள் ஜீயர் அருளிய ஆறாயிரப்படி குருபரம்பராப்ரபாவம் பழைய அச்சில் இருந்தது. எத்தனையோ முறை படித்தது. ஆனால் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, பிறர் கையை எதிர்பார்க்கும் நிலையில் படித்தது அதுவே முதல் முறை.

சரித்ர ஸந்தர்ப்பம் வாசகர்கள் அறிந்ததே. சிவத்துக்கு மேற்பட்டதில்லை என்று கையெழுத்திடும்படி சோழன் வித்வான்களை நெருக்கினான். எம்பெருமானாரைக் கையெழுத்திடச் செய்தாலொழிய மற்றவர் கையெழுத்தால் பயனில்லை என்று மந்த்ரியான நாலூரான் சொன்னான். அவனோ கூரத்தாழ்வானுடைய சிஷ்யன். ராஜபுருஷர் திருவரங்கம் வந்தபோது எம்பெருமானார் தீர்த்தமாட எழுந்தருளியிருந்தார். ஆழ்வான் ஆசார்யனுடைய காஷாயத்தையும் த்ரிதண்டத்தையும் தாம் தரித்து அவர்களோடு புறப்பட்டார். பெரிய நம்பியும் உடன் எழுந்தருளினார்; அவருக்கு அப்போது 105 பிராயம் என்பர். தந்தையைத் தனியே விடாமல் அவர் திருக்குமாரத்தி ஆத்துழாயும் சென்றாள். எம்பெருமானார் ஆழ்வானுடைய வெள்ளை வஸ்த்ரத்தைச் சாத்திக்கொண்டு முதலிகளோடு மேற்கு நோக்கி நடந்தார்.

அந்தச் சோழன் யார் என்பதில் சரித்ர ஆசிரியர்களிடையே வாதம் உண்டு. முதல் குலோத்துங்கன் என்பார் சிலர். அவன் ஆட்சி 1070 முதல் 1120 வரை. தில்லைத் திருச்சித்ரகூடத்துக்கு நேர்ந்த அபசாரத்தை நினைத்து, 1133இல் பட்டம் பெற்ற இரண்டாம் குலோத்துங்கனைச் சொல்வார் சிலர். எம்பெருமானார் பரமபதித்தது 1137. அவர் மேல்நாட்டில் எழுந்தருளியிருந்த காலத்தைப் பன்னிரண்டாண்டு என்றும் இருபதுக்கு மேல் என்றும் கணக்கிடுவார்கள். எதைக் கொண்டாலும் 1133க்கும் 1137க்கும் இடையே அது அடங்காது. ஹொய்ஸள விஷ்ணுவர்தனன் தலைக்காட்டைச் சோழரிடமிருந்து பிடித்ததும், வேலூரில், அதாவது இன்றைய பேலூரில், சென்னகேசவப் பெருமாளை 1117இல் ப்ரதிஷ்டை செய்ததும் இந்த வரலாற்றை முன்னுக்கே இழுக்கின்றன. அதனால் முதல் குலோத்துங்கன் காலம் என்று கொள்வதே பொருந்தும் என்று தோன்றுகிறது. இது நம் விஷயத்துக்கு ஏன் வேண்டுமென்றால், அப்போது கொங்கு சோழர் ஆணைக்கு உட்பட்ட பூமி. எம்பெருமானார் அந்த வழியில் யாத்ரிகராக நடக்கவில்லை, தேடப்படுபவராக நடந்தார். அவரோடு சென்ற ஒவ்வொருவருடைய உயிரும் வழியில் யார் வாசலில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்திருந்தது.

நீலகிரிச் சாரலில் 6 நாள் காட்டு நடை. மழை, குளிர், உபவாஸம். அந்தக் கால்கள் எந்த நிலையில் இருந்திருக்கும் என்பதை இப்போது அடியேன் விளக்க வேண்டியதில்லை. ராத்ரியில் தூரத்தில் நெருப்பு தெரிந்தது. மனிதர் குரல் கேட்டது. போய்ப் பார்த்தால் வேடர்கள். எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள். திருவரங்கத்திலிருந்து என்றதும், எங்கள் உடையவர் ஸுகமாக எழுந்தருளியிருக்கிறாரா என்று கேட்டார்கள். அவர்கள் நல்லான் சக்ரவர்த்தியின் உபதேசம் பெற்றவர்கள். எம்பெருமானார் கோயிலை விட்டுப் புறப்பட்டார் என்று கேள்விப்பட்ட நாள் முதல் அவர்களும் உண்ணாமல் கிடந்தார்கள். தேடியவர் முன்னே நிற்பதை அறிந்ததும் நெருப்பை மூட்டிக் குளிர் காயச் செய்தார்கள். தேனும் தினைமாவும் ஸமர்ப்பித்தார்கள். அங்கே பரீக்ஷை எதுவும் நடந்ததாக இல்லை.

நல்லான் யார் என்பதை இவ்விடத்தில் நினைக்க வேண்டும். ஆற்றில் மிதந்து வந்த ஒரு சரீரத்தில் சங்கு சக்கரப் பொறியைக் கண்டு, குலம் கோத்ரம் விசாரிக்காமல் புத்ரனைப் போல் ஸம்ஸ்காரம் செய்தவர். அதற்காக அவருடைய க்ராமத்தார் அவர் அகத்துக்கு வருவதை நிறுத்தினார்கள். ஊரார் பொல்லாதவன் என்று தள்ளியவரைப் பேரருளாளன் தமக்கு நல்லவன் என்று அழைத்தான். அந்தத் திருநாமமே நிலைத்தது. எந்த வாசலுக்கு அயலார் வராமல் நின்றார்களோ, அந்த வாசலில் வளர்ந்த சிஷ்யர்கள்தான் காட்டில் நெருப்பு மூட்டிக் காத்திருந்தவர்கள். குருபரம்பரை இதைத் தனியே எடுத்துச் சொல்வதில்லை. இரண்டு சரித்ரங்களையும் அருகருகே வைத்தால் தானே தெரிகிறது.

வேடர்கள் வழிகாட்டிக் கொண்டுவிட்டது ஒரு ப்ராஹ்மண க்ருஹத்தில். க்ருஹஸ்தன் வெளியே போயிருந்தான். அவன் பத்நி வந்தவர்களைக் கண்டதும் எழுந்து ஸேவித்து, தளிகையாகும், எல்லாரும் அமுது செய்யவேண்டும் என்று ப்ரார்த்தித்தாள். முதலிகள் தயங்கினார்கள், கண்ட இடத்தில் உண்பவரல்லோம் என்றார்கள். அப்போது அவள் தன் கதையைச் சொன்னாள். முன்பு ஒரு பஞ்சத்தில் தம்பதிகள் இருவரும் திருவரங்கம் வந்து ஒரு மாடியகத்தில் குடியிருந்தார்கள். தெருவில் எம்பெருமானார் மாதுகரத்துக்கு எழுந்தருளுவதையும், பெரிய ப்ரபுக்களெல்லாம் அவர் திருவடியில் விழுவதையும் அவள் மேலிருந்து தினமும் பார்த்திருந்தாள். ஒருநாள் இறங்கி வந்து வழிமறித்து, பிக்ஷைக்கு வருகிற உம்மை இவர்கள் இப்படி வணங்குவானேன் என்று கேட்டாள். அவர்களுக்கு பகவத் விஷயத்தில் சில வார்த்தை சொன்னோம் என்றார் ஸ்வாமி. எனக்கும் அதைச் சொல்லலாகாதோ என்றாள். அந்தத் தெருவிலேயே த்வயம் உபதேசமாயிற்று. மழை பெய்து நாடு செழித்து ஊர் திரும்பும் சமயம், கேட்டது மறந்துபோயிற்று என்று மறுபடியும் நின்று கேட்டாள், மறுபடியும் அருளினார். தஞ்சமாக ஒன்று வேண்டும் என்றாள். சாத்தியிருந்த பாதுகைகளையே கொடுத்தார்.

தெருவில் பார்த்த ஸந்யாஸியிடம் கேள்வி கேட்டவள், மறந்ததை மறந்தேன் என்று சொல்லத் தயங்காதவள். ஸம்ப்ரதாயத்தில் அடியேனுக்கு மிகவும் உகந்த ஸ்த்ரீ ரத்னங்களில் இவள் ஒருத்தி. வித்வான்களுக்கு இல்லாத தைரியம் இவளுக்கு இருந்தது.

இதைக் கேட்டும் எம்பெருமானார் தம்மை வெளிப்படுத்திக்கொள்ளவில்லை. ஒருவரை அழைத்து, இவள் செய்வதைப் பார்த்திரும் என்று நியமித்தார். இதுதான் மேடைகளில் பேசப்படும் பரீக்ஷை. பார்த்தவர் வந்து விண்ணப்பித்தது என்ன? தளிகை முடித்தாள், வேறு வஸ்த்ரம் உடுத்து உள்ளே சென்றாள், குருபரம்பரையை அநுஸந்தித்தாள், கறுத்திருந்த ஒன்றுக்கு அமுது காட்டினாள், அது மற்ற அகங்களில் காணும் அர்ச்சை போல இல்லை. அரிசி கழுவியதைப் பற்றியோ, பாத்திரத்தைப் பற்றியோ, அடுப்பைப் பற்றியோ அவர் எடுத்துச் சொல்லவில்லை. ஸ்வாமியும் அவற்றைக் கேட்கவில்லை. அவளை அழைத்து, உள்ளே என்ன செய்தாய் என்று மட்டுமே கேட்டார். அந்தக் கறுத்த பொருள் அவர் கொடுத்த பாதுகை.

ஆகையால் பரீக்ஷைக்கு விஷயம் தளிகையன்று, ஸம்பந்தம். தேடப்படுகிறவர் ஒருவர் வந்து நிற்கிறார். எம்பெருமானார் சிஷ்யை என்று ஒருத்தி சொல்லிக்கொள்கிறாள். அந்த நாளில், அந்த நாட்டில், அப்படிச் சொல்லிப் பிடித்துக்கொடுப்பதும் நடக்கக்கூடியதே. நாலூரான் சிஷ்யனாயிருந்தே அல்லவோ ஆபத்து விளைந்தது! தனித்திருக்கும்போது, எவரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது, அவள் யாருக்கு முன்னால் அமுதை வைக்கிறாள் என்பதே அறியவேண்டியதாயிருந்தது. அதை அறிந்தபின் ஸ்வாமிக்கு ஸந்தேஹம் இல்லை.

மேடையில் விட்டுப்போகும் மற்றொரு பகுதி உண்டு. சோதித்தது ஒரு பக்கம் மட்டுமன்று. இங்கே எம்பெருமானார் இருக்கிறாரா பார் என்று சொன்னபோது, அவள் விளக்கை ஏற்றிக்கொண்டு வந்து ஒவ்வொருவர் திருவடியாகப் பார்த்தாள். முகத்தையன்று, திருவடியை. ஓரிடத்தில் நின்றாள். இந்தத் திருவடிகள் உடையவர் திருவடிகள் போலவே இருக்கின்றன, ஆனால் காஷாயம் காணவில்லையே என்று மயங்கினாள். தினமும் பாதுகையைத் துடைத்து, தொட்டு, அமுது காட்டியவளுக்கு அதில் பதிந்திருந்த அடியின் அளவு கைக்குத் தெரியும். 6 நாள் கல்லிலும் சேற்றிலும் நடந்த பிறகும் அது மாறவில்லை. அப்போதுதான் ஸ்வாமி தம்மை வெளியிட்டார். அவளுடைய பதியும் பின்னர் திருவடி ஸம்பந்தம் பெற்றான். காஷாயமும் த்ரிதண்டமும் ஸ்வாமி மீண்டும் தரித்தது அந்த எல்லையில்தான்.

ஒரு பூர்வபக்ஷம் எழும். வேடர்களிடம் பெற்றது தேனும் தினைமாவும். அக்நி ஸம்பந்தமில்லாத பதார்த்தம், தோஷமில்லை. சமைத்த அன்னம் வந்தபோதே விசாரணை வந்தது. ஆகவே ஆஹார நியமமே தாத்பர்யம் என்பார்கள். தர்மசாஸ்த்ரப்படி அந்த வேறுபாடு உண்மையே; மறுக்கவில்லை. ஆனால் வேடர்களிடமும் முதலில் நடந்தது ஸம்பந்த விசாரணைதான்; அங்கே கேட்டவர்கள் வேடர்கள், அவ்வளவே வாசி. எங்கிருந்து வருகிறீர், உடையவர் நலமா என்ற கேள்விகளுக்குப் பிறகே தேன் வந்தது. இரண்டிடத்திலும் வரிசை ஒன்றே.

பூர்வபக்ஷத்துக்கு இன்னொரு பிடி உண்டு. அதைத்தான் அடியேன் எட்டு நாளும் கெட்டியாகப் பிடித்திருந்தேன். கொங்குப் பிராட்டி அகத்தில் முதலிகள் அமுது செய்தார்கள். எம்பெருமானார் மட்டும் அந்தத் தளிகையைக் கொள்ளவில்லை, பாலும் பழமும் சர்க்கரையுமே திருவுள்ளம் பற்றினார். எம்பெருமானாரே அப்படியென்றால் அடியேன் பாலோடு நிற்பதில் என்ன தவறு என்று நினைத்து, உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டேன். ஆனால் பெரியோர் சொல்லும் காரணம் என்ன? அந்தத் தளிகை எம்பெருமானுக்கு அமுது செய்விக்கப்படவில்லை. பாதுகைக்கு, அதாவது தமக்கே, ஸமர்ப்பிக்கப்பட்டது. சிஷ்யர்களுக்கு அது ப்ரஸாதம், அவருக்கு அப்படியாகாது. பாலையும் பழத்தையும் தம்முடைய பெருமாளுக்குக் காட்டிவிட்டு ஸ்வீகரித்தார். அதில் அவள் கையைப் பற்றிய ஐயம் ஒரு துளியும் இல்லை. எம்பெருமானார் பால் குடித்த காரணம் வேறு. அடியேன் பால் குடித்த காரணம் வேறு. பெயர் மட்டும் ஒன்று.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மையார் ஒரு மணையைக் கட்டிலருகே போட்டு, அதன்மேல் சிறிய மின் அடுப்பை வைத்தார். "ஸ்வாமி, அடுப்பை இங்கேயே கொண்டுவந்து வெச்சுட்டேன். தேவரீர் உக்காந்துண்டே தளிகை பண்ணிக்கலாம். அமுதுபடியெல்லாம் குழந்தை எடுத்துத் தருவா. வெறும் பாலோட எத்தனை நாள் இருக்க முடியும்?" என்றார். குரலில் மனத்தாங்கல் சிறிதுமில்லை. தம்முடைய தளிகையை ஏற்கவில்லையே என்று வருந்தியவர், அடியேனுடைய நியமம் கெடாமலிருக்க அடுப்பையே தூக்கி வந்துவிட்டார். அறை ஓரத்திலிருந்த கோயிலாழ்வாரில் காலையில் அவர் அமுது காட்டிய சாற்றமுது வாசனை வந்துகொண்டிருந்தது. "அம்மா, பெருமாள் அமுது செய்தாயிற்றா?" என்று கேட்டேன். ஆயிற்று என்றார். "அப்படியானால் அதையே சாதியுங்கள்" என்றேன். அவருடைய மாமியார் கூடத்திலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். அன்று சாற்றமுது, அவரைக்காய்க் கறியமுது, தயிரமுது.

அதே மார்கழியில் கேட்டை வந்தது. பெரிய நம்பியின் திருநக்ஷத்ரம். ஒவ்வோர் ஆண்டும் அன்றைக்குக் கும்பகோணத்துக்கும் தஞ்சைக்கும் நடுவே உள்ள பசுபதிகோயிலுக்குப் போய், வரதராஜப் பெருமாள் ஸந்நிதியில் நம்பியையும் ஆழ்வானையும் ஸேவிப்பது வழக்கம். இந்த ஆண்டு போக முடியவில்லை. கட்டிலில் படுத்தபடி, எம்பெருமானார் மேற்கே நடந்த அதே நாட்களில் கிழக்கே நடந்த மற்றொரு ப்ரயாணத்தைப் படித்தேன்.

சோழ ஸபையில் ஆழ்வான் கையெழுத்தைக் கொண்டே அரசனைப் பரிஹஸித்ததும், கண்களை இழந்ததும் யாவரும் அறிந்தவை. உன்னைக் கண்ட கண் எனக்கு வேண்டா என்ற கருத்தோடு ஆழ்வான் தாமே தம் கண்களைக் களைந்தார். நம்பியின் கண்களை ராஜபுருஷர் களைந்தார்கள். ஸபையை விட்டு வெளியே வந்தபோது மூவரில் பார்வையுள்ளவள் ஆத்துழாய் ஒருத்தியே. ஒரு கையில் 105 பிராயத்துத் தகப்பனார். மற்றொரு கையில் ஸம்ப்ரதாயத்தின் மஹா வித்வான். வழியெல்லாம் அவள் நடந்ததைப் பற்றி நம் ஏடுகள் இரண்டு வாக்யத்துக்கு மேல் செலவழிக்கவில்லை. வீரத்தை விரித்துப் பேசும் பெரியோர்கள் சுச்ரூஷையைச் சுருக்கிவிடுகிறார்கள். இது நம் வரலாற்று நூல்களின் பொதுக்குறை என்றே சொல்வேன்.

கொங்கு வழியில் நெருப்பும் விளக்கும் இருந்தன. சோழ நாட்டு ராஜபாட்டையில், அத்தனை அக்ரஹாரங்களுக்கு நடுவே, இந்த மூவருக்கும் ஒரு கதவு திறந்ததாக அடியேன் படித்த பாடங்களில் இல்லை. பயமே காரணமாயிருக்கும், அந்த ஊரார்களைக் குறை சொல்ல நாம் யார்? ஆனால் மூடிய கதவு நம்பிக்குப் புதிதன்று. ஆளவந்தாரின் ஸ்ரீபாதத்தவரான மாறனேரி நம்பி நாலாம் வருணத்தவர். அவருக்கு நம்பி தாமே சரம கைங்கர்யம் செய்தார். அதற்காகத் திருவரங்கத்து உறவினர்களே அவரை விலக்கி, அகத்து வாசலை முள் போட்டு அடைத்தார்கள் என்பர். அப்போதும் நம்பெருமாள் திருத்தேரை ஆணையிட்டு நிறுத்தி நியாயம் கேட்டவள் இந்த ஆத்துழாய்தான். எம்பெருமானார் கேட்டபோது, ஜடாயுவுக்குப் பெருமாள் செய்ததை விட நான் தாழ்ந்ததைச் செய்தேனோ என்ற கருத்தில் நம்பி பதில் சொன்னார். நல்லான், நம்பி இருவர் சரித்ரமும் ஒரே அச்சில் வார்த்தது போல் இருக்கிறது.

வலி பொறுக்க முடியாமல் நம்பி வழியில் சாய்ந்தார். ஆழ்வான் மடியில் திருமுடியும் மகள் மடியில் திருவடியுமாகக் கண்வளர்ந்தார் என்பர். மாற்றிச் சொல்லும் பாடமும் உண்டு. இன்னும் சிறிது தூரமே திருவரங்கம், அங்கே சென்று சேரலாமே என்று ஆழ்வான் ப்ரார்த்தித்தார். நம்பி இசையவில்லை. பெரிய நம்பிக்கே கடைசி நேரத்தில் திருவரங்கம் போய்ச் சேரவேண்டியிருந்தது என்று பின்னுள்ளார் நினைத்தால், தூர தேசத்தில், வழியில், அயலார் அகத்தில் சரீரம் விடப்போகிற ப்ரபந்நன் கலங்குவானே என்றார். வைத்தியமில்லை, கூரையில்லை, கண்ணில்லை. அந்த நிலையில் அவர் நினைத்தது பின்னால் வரப்போகிற முகமறியாதவர்களை. கேட்டைக்குப் பசுபதிகோயில் போகமுடியவில்லையே என்று அடியேனுக்கிருந்த மனக்குறை இந்த இடம் வந்ததும் போய்விட்டது. அங்கே போகாததற்கு அங்கே கண்வளர்ந்தவரே ஸமாதானம் சொல்லி வைத்திருக்கிறார்.

ஆழ்வான் திருவரங்கம் வந்து சேர்ந்தார். கோயில் வாசலில் காவலர், எம்பெருமானார் ஸம்பந்தமுள்ளவர் உள்ளே போகலாகாது என்று அரசாணை என்றார்கள். அவர்களில் ஒருவன், இவர் எல்லாருக்கும் நல்லவர், இவரை விடலாம் என்றான். ஆழ்வான் திரும்பிவிட்டார். ஆத்மகுணங்கள் ஆசார்ய ஸம்பந்தத்துக்குக் காரணமாக வேண்டும், அந்த ஸம்பந்தத்தை அறுத்துக்கொள்ளவோ அவை என்றார். கூரத்தில் ராத்ரி வெகுநேரம் வரை ததீயாராதனம் நடத்தி, தம் மாளிகைக் கதவை அடைக்கும் ஓசை காஞ்சியில் பெருந்தேவித் தாயார் திருச்செவியில் விழும்படி வாழ்ந்தவர் அவர். அவருக்குத் தாம் குடியிருந்த ஊரின் கோயிற்கதவே மூடிற்று. ஆண்டாளையும் பட்டர்களையும் அழைத்துக்கொண்டு மதுரைக்கருகே திருமாலிருஞ்சோலைக்குப் போனார். அங்கேதான் ஸுந்தரபாஹு ஸ்தவம் பிறந்தது. கண்ணில்லாதவர் அழகரின் திருத்தோள்களைப் பாடினார்.

மேல்நாட்டில் எம்பெருமானார் மாருதிச் சிறியாண்டானை அனுப்பிச் செய்தி அறிந்துவரச் செய்தார். நம்பி திருநாட்டை அலங்கரித்ததையும் ஆழ்வான் கண்ணிழந்ததையும் கேட்டு மோஹித்து விழுந்தார். சோழன் மாண்டபின் திருவரங்கம் திரும்பி, ஆழ்வானைக் காஞ்சிக்கு அழைத்துச் சென்று, பேரருளாளனிடம் கண்ணை வேண்டும்படி நியமித்தார். ஆழ்வான் வரதராஜ ஸ்தவத்தை விண்ணப்பம் செய்தார். வேண்டுவது என்ன என்று பெருமாள் கேட்டபோது, அடியேன் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்றார்.

மாவுக்கட்டுப் பிரித்த அன்று அந்த அகத்துப் பெண் குழந்தை, நாலாம் வகுப்புப் படிப்பவள், ஒரு ஊன்றுகோலைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கொள்ளுப்பாட்டனாருடையதாம், பீரோவின் பின்னால் கிடந்ததாம். மாசியில் அதை ஊன்றிக்கொண்டு பசுபதிகோயில் போய் வந்தேன்.